வருந்துகிறார்கள், எதற்கென்று சொல்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் தலைவர் ஒருவர் எங்கேனும் ‘வருத்தம்’ என்ற சொல்லை உதிர்த்துவிட்டால், மறுநாள் நாளிதழ்களில் பெரும்பாலும் ‘மன்னிப்புக் கேட்டார்’ என்ற தலைப்பே வருகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது அந்தத் தலைவருக்குத் தெரியும். அவருக்கு உரை எழுதித் தருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பாதிக்கப்பட்டவர்களுக்கோ சொல்லவே வேண்டியதில்லை. செய்தியை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களுமே இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். இதனால் யாருக்கு ஆதாயம் என்பதைப் பொது வாழ்வில் நடந்த சில நிகழ்வுகளைக் கொண்டு விளக்கவும், தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரே மனிதர் இரண்டு துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி எப்படிப் பேசினார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1972 ஜனவரி 30 அன்று, வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், விசாரணையின்றிச் சிறையில் அடைப்பதை எதிர்த்து ஊர்வலம் சென்றவர்கள் மீது பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமடைந்தவர்களில் ஒருவர் சில மாதங்கள் கழித்து இறந்தார். அவசரமாக நடத்தப்பட்ட முதல் விசாரணை, படையினர் மீது பெரிதாகப் பழி விழாமலும் இறந்தவர்கள் மீது சந்தேகம் படியுமாறும் ஓர் அறிக்கையைத் தந்துவிட்டு அதே ஆண்டு ஏப்ரலில் முடிந்துபோனது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. அவர்களுடைய நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1998-இல் டோனி பிளேர் அரசு, நீதிபதி சாவில் பிரபுவின் தலைமையில் புதிய விசாரணை ஒன்றை அமைத்தது. அது 12 ஆண்டுகள் நடந்தது. அதற்கு 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. 2010 ஜூன் 15 அன்று அறிக்கை வெளியானபோது, பிரதமராகி ஐந்து வாரங்களே ஆகியிருந்த டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் பேசினார். நடந்தது நியாயமற்றது, எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது, தவறானது என்றார். நமது ஆயுதப் படையினர் சிலர் தவறாக நடந்துகொண்டார்கள், படையினரின் நடத்தைக்கு இறுதிப் பொறுப்பு அரசுக்கே உரியது, அதற்காக அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் ஆழ்ந்த மன்னிப்பைக் கேட்கிறேன் என்றார். டெர்ரியின் கில்டுஹால் சதுக்கத்தில் பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், ஒரு பிரிட்டிஷ் பிரதமரின் பேச்சுக்கு ஆரவாரம் செய்தது.

அந்த உரையில் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் இருந்தது. சுட்டது யார், பொறுப்பு யாருடையது, மன்னிப்புக் கேட்பது யார் சார்பில் என்ற மூன்றுக்கும் ஐயமின்றி விடை இருந்தது. தன் நாட்டைப் பற்றிக் கெட்டதாக எதையும் நம்பத் தனக்கு விருப்பமில்லை என்று அவரே முன்னுரையாகச் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகும் தெளிவாகப் பேசினார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இதற்கு மூன்றாண்டுகூட நிறைவடையாத நிலையில், 2013 பிப்ரவரி 20 அன்று அதே கேமரன் அமிர்தசரசுக்கு வந்தார். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில், சுற்றிலும் சுவர் எழுந்த ஒரு திடலில் கூடியிருந்தவர்கள் மீது எச்சரிக்கைகூட விடுக்காமல் பிரிட்டிஷ் படை அதிகாரி டயர் சுடச் சொன்னதும், 1,650 தோட்டாக்கள் செலவானதும், அரசுக் கணக்கின்படியே 379 பேர் இறந்ததும், காங்கிரஸ் நடத்திய விசாரணை இறந்தோர் தொகை ஆயிரத்தை எட்டும் என்று மதிப்பிட்டதும் தங்கள் வாசகர்கள் அறிந்தவையே. கேமரன் மலர் வளையம் வைத்தார். தலை குனிந்து நின்றார். பார்வையாளர் பதிவேட்டில், இது பிரிட்டிஷ் வரலாற்றில் மிகவும் வெட்கத்துக்குரிய நிகழ்வு என்றும், வின்ஸ்டன் சர்ச்சில் இதை அக்காலத்திலேயே கொடூரமானது என்று சரியாகச் சொன்னார் என்றும், இங்கு நடந்ததை நாம் ஒருபோதும் மறக்கக் கூடாது என்றும் எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று செய்தியாளர்கள் வினவியபோது, தான் பிறப்பதற்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்னர் நடந்த ஒன்று அது என்று விளக்கம் தந்தார்.

டெர்ரியில் சுட்டபோது கேமரனுக்கு ஐந்து வயது. ஐந்து வயதுச் சிறுவனுக்கு இருக்கும் பொறுப்புக்கும் பிறக்காத குழந்தைக்கு இருக்கும் பொறுப்புக்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை. டெர்ரி விஷயத்தில் அவர் தனிமனிதராக மன்னிப்புக் கேட்கவில்லை. அரசு என்ற தொடர்ச்சியின் சார்பில் கேட்டார். 1972-இல் இருந்த அரசின் தொடர்ச்சி அவர் என்றால், 1919-இல் இருந்த அரசின் தொடர்ச்சியும் அவரே.

சர்ச்சிலை அவர் துணைக்கு அழைத்ததும் தற்செயலானதன்று. 1920 ஜூலையில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் டயரைக் கடுமையாகக் கண்டித்தது உண்மை. ஆனால், இந்தப் படுகொலை பிரிட்டிஷ் ஆட்சியின் இயல்புக்கு மாறானது, வேறெதோடும் ஒட்டாமல் தனித்து நிற்பது என்பதே அந்தப் பேச்சின் உட்பொருள். டயரைக் கைகழுவினால் பேரரசின் கை சுத்தமாகிவிடும்! டயரின் செயலுக்கு ஒப்புதல் தெரிவித்த பஞ்சாப் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ’டயரும், ராணுவச் சட்டத்தின் பெயரால் அந்த மாகாணம் முழுவதும் நடந்தவையும் அந்த ஒற்றை அடைமொழிக்குள் மறைந்துபோயின. அதே மாதம் பிரபுக்கள் அவை 129-க்கு 86 என்ற வாக்குக் கணக்கில் டயருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பதிவேட்டில் சர்ச்சிலை மேற்கோள் காட்டிய கேமரனுக்கு இந்த வாக்கெடுப்பு நினைவுக்கு வரவில்லை போலும்.

நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்னதாக, 2019 ஏப்ரல் 10 அன்று தெரேசா மே நாடாளுமன்றத்தில், அது பிரிட்டிஷ் இந்திய வரலாற்றில் வெட்கத்துக்குரிய வடு என்றும், நடந்தவற்றுக்காகவும் அதனால் விளைந்த துன்பத்துக்காகவும் ஆழ்ந்து வருந்துவதாகவும் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் உடனே எழுந்து, முழுமையான, தெளிவான, ஐயத்துக்கிடமற்ற மன்னிப்பு வேண்டும் என்று கேட்டதிலிருந்தே, பிரதமர் சொன்னது மன்னிப்பு அன்று என்பதை அந்த அவை எப்படிப் புரிந்துகொண்டது என்று தெரிகிறது. அதற்கு முந்தைய நாள் இதே பொருள் குறித்து நடந்த விவாதத்தில் வெளியுறவுத் துறையின் இணை அமைச்சர் ஒருவர், மன்னிப்புக் கேட்பதால் நிதிப் பொறுப்புகள் வரக்கூடும் என்ற கவலை எந்த அரசுத் துறைக்கும் இருக்கும் என்று ஒளிக்காமல் பேசிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நன்றி சொல்லலாம். மற்றவர்கள் மூடிவைத்ததை அவர் திறந்து காட்டினார்.

டெர்ரிக்கும் அமிர்தசரசுக்கும் இடையே சொற்கள் இப்படி மாறியதற்கு, ஒன்றில் இறந்தவர்கள் சொந்தக் குடிமக்கள், மற்றொன்றில் அடிமை நாட்டினர் என்று காரணம் சொல்வோர் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எனினும் முதன்மையான காரணம், 2010-இல் கேமரனின் மேசையில் சாவில் அறிக்கை இருந்தது என்பதே என்று நினைக்கிறேன். இறந்தவர்களில் ஒருவர்கூடப் படையினருக்கு உயிராபத்து விளைவிக்கும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை என்று அந்த அறிக்கை முடிவு சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு மழுப்புவதற்கு இடமில்லை. அமிர்தசரசில் அவரைக் கட்டுப்படுத்த அப்படியொரு புதிய தாள் இல்லை. சுற்றுலாப் பயணிகளும் எழுதும் பதிவேடுதான் இருந்தது. அரசியல்வாதியின் நா நேராவது உண்மை முதலில் தாளில் ஏறிய பிறகுதான் என்பது என் கணிப்பு.

கனடாவிலும் இதே காட்சியைக் காணலாம். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்ததற்காக, பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2008 ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே இழப்பீட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 1914-இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த இந்தியர் 376 பேரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையேற விடாமல் இரண்டு மாதம் வான்கூவர் துறைமுகத்தில் காக்கவைத்துத் திருப்பி அனுப்பியதற்கு, சர்ரே நகரில் ஒரு பூங்காவில் நடந்த திருவிழா மேடையில் அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் மேடையை விட்டு இறங்கிய கையோடு, இதை ஏற்க முடியாது, நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும் என்று விழாக்குழுவினர் அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது வெறும் கௌரவம் அன்று. பூங்காவில் சொன்னது காற்றில் போகும். அவையில் சொன்னது குறிப்பேட்டில் நிற்கும். அந்தப் பதிவு கிடைக்க 2016 மே 18 வரை, ஜஸ்டின் ட்ரூடோ காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1984 நவம்பரில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்குப்படி 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டனர். அந்த மாதம் 19-ஆம் தேதி போட் கிளப் திடலில் பேசிய ராஜீவ் காந்தி, பெரிய மரம் ஒன்று விழும்போது சுற்றியுள்ள நிலம் சற்று அதிரத்தான் செய்யும் என்றார். இந்திய அரசியல் பேச்சுகளில் இதைவிடக் கவனமாக ஆராயத்தக்க வாக்கியம் வேறு உண்டா என்று தெரியவில்லை. மரம் விழுவதற்கும் நிலம் அதிர்வதற்கும் யாரும் பொறுப்பில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களை அந்த வாக்கியத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். கொலைகாரர்களின் வேலையை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டார் அவர்.

இருபத்தோராண்டுகள் கழித்து, அந்தக் கொலைகளை விசாரித்த நானாவதி ஆணையத்தின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அதே 2005 ஆகஸ்டில், மன்மோகன் சிங் மாநிலங்களவையில் பேசினார். சீக்கிய சமூகத்திடம் மட்டுமின்றி நாடு முழுவதிடமும் மன்னிப்புக் கேட்பதில் தனக்குத் தயக்கமில்லை, 1984-இல் நடந்தது நாட்டின் அடிப்படைக் கருத்துக்கும் அரசமைப்புச் சட்டத்தில் பொதிந்துள்ளதற்கும் எதிரானது, வெட்கத்தால் தலை குனிகிறேன் என்றார். நான் மதிக்கும் உரைகளில் ஒன்று இது. அதற்கும் ஓர் அறிக்கைதான் வழி திறந்தது. அதில் பெயர் இடம்பெற்ற ஜெகதீஷ் டைட்லர் அமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ஆயினும் இரண்டு உறுத்தல்கள் எனக்கு உண்டு. கட்சி செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் மன்னிப்புக் கேட்கும் வேலை, அந்தக் கட்சியில் பிரதமராக வாய்த்த சீக்கியர் ஒருவர் தலையில் விழுந்தது முதலாவது. அந்தக் கொலைகள் தொடர்பான வழக்கில் காங்கிரஸின் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்க 2018 டிசம்பர் வரை, அதாவது அந்த மன்னிப்புக்குப் பிறகும் 13 ஆண்டுகள், ஆனது இரண்டாவது. டெர்ரியிலும் சுட்டதற்காக இன்றுவரை எந்தப் படைவீரரும் தண்டனை பெற்றதில்லை. நேர்மையான மன்னிப்புக்கும் எல்லை உண்டு என்பதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை.

அண்மைக் காலத்து மன்னிப்புகள் இந்த அளவுக்குக்கூட வருவதில்லை. 2021 நவம்பர் 19, குரு நானக் பிறந்தநாள் அன்று, மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தபோது, நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். தலைப்புகளும் அப்படியே வந்தன. முழு வாக்கியத்தையும் படித்தவர்களுக்குத்தான் பொருள் வேறென்று தெரிந்திருக்கும். விளக்கின் ஒளியைப் போலத் தெளிவான உண்மையை விவசாயிகளில் சிலருக்குப் புரியவைக்க முடியாமல் போயிற்று, தங்கள் தவத்தில் ஏதோ குறை இருந்திருக்கலாம் என்பதே அவர் சொன்னது. சட்டம் தவறு என்று அவர் சொல்லவில்லை; ஓராண்டுக்காலம் டெல்லி எல்லைகளில் மழையிலும் குளிரிலும் கிடந்தவர்களிடம், அவர்கள் பட்ட பாட்டுக்காக மன்னிப்புக் கேட்கவுமில்லை. சட்டம் நல்லது, கேட்டவர்களில் சிலருக்குப் புரியவில்லை, புரியவைக்காதது மட்டுமே நம் குறை. வணங்குவதுபோல் தொடங்கி எதிரில் இருப்பவரின் அறிவைக் குறைத்துப் பேசும் வாக்கியம் அது.

2024 ஆகஸ்ட் 26 அன்று மகாராஷ்டிரத்தின் மால்வணில் சத்ரபதி சிவாஜியின் சிலை சரிந்து விழுந்தது. எட்டு மாதங்களுக்கு முன்புதான் பிரதமரே அதைத் திறந்துவைத்திருந்தார். நான்கு நாள் கழித்துப் பால்கரில் பேசிய அவர், தன் தெய்வமான சிவாஜி மகாராஜின் பாதத்தில் தலை வைத்து மன்னிப்புக் கேட்பதாகவும், அவரைத் தெய்வமாக வழிபடுவோரிடமும் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். அதே உரையில், சாவர்க்கரை இழித்துப் பேசியும் மன்னிப்புக் கேட்காதவர்கள் என்று எதிர்க்கட்சியினரைச் சாடவும் செய்தார். மன்னிப்புக் கேட்கும் மூச்சிலேயே அதை அடுத்தவர் மீது வீசும் ஆயுதமாகவும் ஆக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சிலை ஏன் எட்டு மாதத்தில் விழுந்தது, ஒப்பந்தம் யாருக்குப் போனது, தரத்தைச் சோதித்தவர் யார் என்பவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்; பதினேழாம் நூற்றாண்டு மன்னர் அல்லர். மன்னரோ மறுகேள்வி கேட்கமாட்டார்.

மணிப்பூர் முதலமைச்சராக இருந்த பீரேன் சிங், 2023 மே 3-இல் தொடங்கி 250-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, ஏறத்தாழ 60,000 பேரை வீடிழக்கச் செய்த வன்முறைக்காக 2024-இன் கடைசி நாளில்தான் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டார். ‘நடந்தவற்றுக்காக’ என்றார், நடந்ததை மறந்து மன்னித்து வாழ்வோம் என்றார். எது நடந்தது, அதில் தன் அரசு செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்ற விவரம் அதில் இல்லை. பிறகு காங்கிரஸ் கேள்வி எழுப்பியபோது, தொண்ணூறுகளில் நாகர்களுக்கும் குகிகளுக்கும் மோதல் நடந்த காலத்தில் நரசிம்ம ராவ் மணிப்பூருக்கு வந்து மன்னிப்புக் கேட்டாரா என்று சமூக ஊடகத்தில் திருப்பிக் கேட்டார். புத்தாண்டுச் சூடு ஆறுவதற்குள் மன்னிப்பு பட்டிமன்றமாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார்.

எதிர்க்கட்சிகளும் இதில் சளைத்தவையல்ல. ரஃபேல் போர் விமான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லாத ஒன்றை அது சொன்னதாகப் பரப்பியதற்கான அவமதிப்பு வழக்கில், ராகுல் காந்தி 2019 ஏப்ரலில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் ‘வருத்தம்’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அடைப்புக்குறிக்குள் வருத்தப்படுவது எப்படி என்று நீதிபதிகள் விளக்கம் கேட்டார்கள். வருத்தமும் மன்னிப்பும் ஒரே பொருள்தான் என்று அவருடைய வழக்கறிஞர் அகராதியின் துணையோடு வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. மே 8 அன்று நிபந்தனையற்ற மன்னிப்பு வந்தது. நாளிதழ்கள் பொருட்படுத்தாத வேறுபாட்டை நீதிமன்றம் எவ்வளவு பொருட்படுத்தியது என்று பாருங்கள்.

மாநில அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்ற இளநிலை உதவியாளர் ஒருவர், ‘நடந்தவை குறித்து வருந்துகிறேன்’ என்று ஒற்றை வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்துத் தப்ப முடியாது. குற்றச்சாட்டுகள் வரிசை எண்ணிட்டு வந்திருக்கும். ஒவ்வொன்றையும் அவர் ஏற்க வேண்டும், இல்லையேல் காரணம் காட்டி மறுக்க வேண்டும். ஊதிய உயர்வு ஒன்று நிற்பதற்கே இவ்வளவு நடைமுறை வைத்திருக்கும் அரசு, உயிர்கள் போன விவகாரத்தில் தன்னைப் பொறுத்தவரை எந்த விளக்கத்தையும் எண்ணிட்டு எழுதிக்கொள்வதில்லை.

தூத்துக்குடியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றவர்கள் மீது காவல் துறை சுட்டது. அந்தச் சம்பவங்களில் 13 பேர் பலியானார்கள். சுடுவதற்கான உத்தரவு துணை வட்டாட்சியர்களின் பெயரில் பதிவாகியிருந்தது. காவல் துறையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, மற்றவர்களைப் போலவே தானும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தலைமைச் செயலாளரும் காவல் துறைத் தலைவரும் உளவுத் துறைத் தலைவரும் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆகவே அவர் கூற்று தவறானது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை பதிவுசெய்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, காவல் துறையினர் 17 பேர் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

உண்மை தாளில் ஏறினால் நா நேராகும் என்று மேலே சொன்னேன். தூத்துக்குடியில் தாள் வந்தது. ஆனால் அது வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. புதிய ஆட்சியினருக்கு அது முந்தைய ஆட்சியின் குற்றப் பட்டியலாகவும், பழைய ஆட்சியினருக்கு அரசியல் பழிவாங்கலாகவும் தோன்றிய அளவுக்கு, அரசு என்ற தொடர்ச்சியின் குற்றமாக இரு தரப்புக்கும் தோன்றவில்லை. சுட்டது அ.தி.மு.க. அன்று, தமிழ்நாட்டு அரசின் காவல் துறை. டெர்ரியில் சுடப்பட்டபோது ஆட்சியில் இருந்தது கேமரனின் கட்சிதான் என்பதையும், அவர் அந்த உரையில் ‘அரசு’ என்று சொன்னாரே தவிர எந்தக் கட்சியையும் இழுக்கவில்லை என்பதையும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கவனிக்கலாம்.

இலங்கையில் 1983 ஜூலை வன்முறை பற்றி எரிந்துகொண்டிருந்த நாட்களில் தொலைக்காட்சியில் தோன்றிய அதிபர் ஜெயவர்த்தனா, பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லாமல் சிங்கள மக்களின் உணர்வைப் பற்றியே பேசினார். 21 ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலையில், அப்போதைய அதிபர் சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1983-இல் ஆண்டது அவருடைய எதிர்க்கட்சி என்பதால் அது அவருக்கு எளிதாக இருந்திருக்கலாம். இருந்தும் ‘அரசின் சார்பில்’ என்று சொன்னாரே, அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு.

கண்ணீர் பற்றியும் சைகைகள் பற்றியும் ஒரு சொல். 2021 தேர்தல் நேரத்தில் தன் தாயைப் பற்றி ஆ. ராசா பேசியதைக் குறிப்பிட்டு எடப்பாடி பழனிசாமி திருவொற்றியூர்ப் பரப்புரையில் நா தழுதழுத்தார். முதலில் தன் பேச்சு திரித்துப் பரப்பப்பட்டதாகச் சொன்ன ராசா, மறுநாள் மனமார மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் அவரை 48 மணி நேரம் பரப்புரை செய்யத் தடைவிதித்தது. அந்தக் கண்ணீர் உண்மையா, அந்த மன்னிப்பு உண்மையா என்று ஆராய்வது வீண் வேலை. உள்ளத்தில் இருப்பதை நாம் பார்க்க முடியாது. வாக்கியத்தில் இருப்பதைப் பார்க்க முடியும். சைகையை மதிப்பிட எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதைச் செய்தவருக்கு அதனால் சொந்த மண்ணில் என்ன இழப்பு என்று கேட்பது. 1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் நடந்த எழுச்சியின் நினைவுச் சின்னத்தின் முன் ஒரு சொல்லும் பேசாமல் மண்டியிட்டார் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட். அவர் நாஜிகளிடமிருந்து தப்பி நாடுகடந்து வாழ்ந்தவர். தனிப்பட்ட பழி எதுவும் அவர் மீது இல்லை. அன்றைய கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியரில் 48 விழுக்காட்டினர் அதை மிகையானது என்றார்கள். பொருத்தமானது என்றவர்கள் 41 விழுக்காடு. மால்வண் சிலைக்காகக் கேட்ட மன்னிப்பால் யாரும் ஒரு வாக்கையும் இழந்திருக்கமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க மறுப்பவரெல்லாம் ஆணவக்காரர் என்றும் நான் சொல்லவில்லை. 2025 ஜூனில், கன்னட மொழி குறித்துக் கமல்ஹாசன் பேசியது தொடர்பான வழக்கில், அவர் அனுப்பிய கடிதத்தில் மன்னிப்பு என்ற ஒரு சொல் மட்டும் இல்லையே என்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கேட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்வது உயர் நீதிமன்றத்தின் வேலையன்று என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொல்லிவிட்டது. ஒரு கருத்து சரியா தவறா என்பது வாதத்தால் தீர வேண்டியது. உயிர்ப்பலிக்குக் கேட்க வேண்டிய சொல்லைக் கருத்துக்கும் கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம்.

என் வேண்டுகோள் இதுதான். அரசியல் தலைவர் ஒருவர் வருத்தமோ மன்னிப்போ தெரிவிக்கும் செய்தியில், அவர் பேசிய மொழியில் சொன்ன வாக்கியத்தை முழுமையாக, சுருக்காமல், மேற்கோள் குறிக்குள் வெளியிடுங்கள். வேற்று மொழியில் பேசியிருந்தால் மொழிபெயர்ப்பையும் அருகே தாருங்கள். வருத்தம் தெரிவித்தார் என்றால் தலைப்பிலும் அப்படியே இருக்கட்டும். எந்தச் செயலைத் தன்னுடையதாகவோ தன் அரசுடையதாகவோ அவர் ஏற்றார் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். எதையும் ஏற்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். காவல் துறை சுட்டதை ‘துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்’ என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்; அரசியல்வாதிகளுக்கு நாமே எழுவாய் இல்லாத வாக்கியத்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஆணைய அறிக்கை எதுவும் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டால், ஓராண்டு கழித்து அதே பக்கத்தில், பரிந்துரை வாரியாக, எது நிறைவேறியது எது நிறைவேறவில்லை என்று ஓர் அட்டவணை வெளியிடுங்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் பரிந்துரைகளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மதுரை.